ஜவ்வாதும் கூட்டுப்புழுவும்

பட்டுக்கூட்டைப் பிளேடால் வெட்டி, உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவை எடுத்து நசுக்கினால் என்ன வாடை வரும் என்பது, பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்த எனக்கு ஆராய்ச்சிக்குப் போகும்வரை தெரியாது. கருவாட்டுக் கூடையை மழையில் நனையவிட்டு மூடிவைத்தால் வருமே, கிட்டத்தட்ட அது. ஆனால் கருவாடு எவ்வளவோ தேவலை. அது தன் நாற்றத்தை ஒளிப்பதில்லை. கூட்டுப்புழுவின் வாடை முதலில் லேசாகத்தான் வரும், பச்சை வேர்க்கடலை மாதிரிகூட இருக்கும். மூக்கு ஏமாந்து இன்னொரு முறை இழுக்கும். அப்போது அடிக்கும் பாருங்கள், அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வரும். அந்த வாடையோடுதான் சில வருடங்கள் குடித்தனம் நடத்தினேன்.

நான் தேடியது ஒரு கைனேஸ். உயிரணுவுக்கு வெளியே ஏதாவது நடந்தால் அதை உள்ளே போய்ச் சொல்ல ஆள் வேண்டும். அப்படிச் சேதி கொண்டுபோகும் என்சைம்களில் ஒன்று அது. சும்மா இருக்கும்போது தூங்கும். சிஜிஎம்பி என்ற சின்ன மூலக்கூறு வந்து ஒட்டிக்கொண்டால் விழிக்கும். விழித்ததும் உயிரணுவின் எரிபொருளான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிடுங்கி இன்னொரு புரதத்தின்மேல் ஒட்டும். அதுதான் சேதி. கூட்டுப்புழுவின் உடம்பில் இந்த என்சைம் தாராளமாக உண்டு. அதைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்து, சிஜிஎம்பி இல்லாதபோது தூங்குகிறது, கொடுத்தால் விழிக்கிறது என்று காட்ட வேண்டும். என் முனைவர் பட்ட வேலைக்கு அதுதான் அஸ்திவாரம். அந்த அஸ்திவாரமே எழும்பவில்லை. ஆய்வுக்குழு ஏற்கெனவே ஒருமுறை கால நீட்டிப்புக் கொடுத்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் விழித்த என்சைமைக் காட்டாவிட்டால் என் பதிவு ரத்து. அத்தனை வருட உழைப்பும் சாக்கடையில் போக வேண்டியதுதான். எங்கள் ஆய்வகத்துச் சாக்கடை வேறு எப்போதும் அடைத்துக்கொண்டிருக்கும்.

என் வழிகாட்டிப் பேராசிரியரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் சட்டை கலையாத மனிதர். 'நான் சுத்த சைவம்' என்பதை வணக்கம் சொல்வதுபோல் எல்லோரிடமும் சொல்வார். கூட்டுப்புழுவில் வேலை செய்யலாம் என்று திட்டம் எழுதி உதவித்தொகை வாங்கியதும் அவர்தான், நான் முதல் கூட்டை வெட்டிய அன்று வாசலோடு நின்றுவிட்டதும் அவர்தான். அதற்குப் பிறகு ஆய்வகத்துக்கு வந்தால் கைக்குட்டையில் ஜவ்வாது தடவிக்கொண்டுதான் வருவார். அதை மூக்கில் வைத்தபடி, "எந்த அளவுல இருக்குது?" என்று கேட்பார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஜவ்வாது வாசனை மட்டும் மிச்சமிருக்கும், ஆள் இருக்கமாட்டார். எனக்கு ஜவ்வாது பிடிக்கும். கல்யாண வீடுகளில் அந்த வாசனை வந்தாலே மனசு குளிரும். இப்போது அந்த வாசனை வந்தால் புழு வாடையை விட அதிகமாகக் குமட்டுகிறது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. கோவில் பிரசாதம் எது வந்தாலும் எங்கள் ஆய்வகக் குளிர்பெட்டியில்தான் வைப்பார். மிளகும் சுக்கும் மணக்கும் கோவில் இட்லி, நெய் உறைந்த பொங்கல், எல்லாம் என் புழுச் சாற்றுக்கு மேல் தட்டில். புழு வாடைக்கு மூக்கைப் பிடிக்கிற மனிதர், அதே பெட்டியிலிருந்து பொங்கலை எடுத்து விரலை நக்கிச் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருமுறை பொங்கல் தூக்குக்கு இடம் பண்ணுவதற்காக என் குழாய்களை எடுத்துக் கதவோரத் தட்டில் வைத்துவிட்டார். அங்கே குளிர் போதாது. அந்தத் தொகுதி முழுக்கக் கெட்டுப்போனது. கேட்டதற்கு, பிரசாதத்தைக் கீழே வைக்கக் கூடாதம்மா என்றார்.

அன்றிலிருந்து நான் ஒரு வேலை செய்தேன். வீட்டிலிருந்து பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்றை எடுத்துவந்தேன். புழுச் சாறு கறுத்துப்போகாமல் இருக்க மெர்கேப்டோஎத்தனால் என்ற திரவம் சேர்ப்போம். அழுகிய முட்டையையும் திறந்த சாக்கடையையும் சேர்த்த நாற்றம் அதற்கு. அதில் நனைந்த பஞ்சை டிபன் பாக்ஸின் அடியில் போட்டு, மேலே என் குழாய்களில் பாதியை வைத்து மூடி, குளிர்பெட்டியின் அடித்தட்டில் தள்ளிவிட்டேன். சாமியே வந்தாலும் அந்த மூடியைத் திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் இதெல்லாம் உள்ளே உயிருள்ள சரக்கு இருந்தால்தானே? என் குழாய்களில் இருந்தது எதுவும் விழிக்கவில்லை. புழுவைப் பனிக்கட்டிமேல் வைத்து அரைப்பேன். துணியில் வடிகட்டுவேன். சுழற்றினால் மேலே மஞ்சள் கொழுப்பு ஆடை கட்டும், அதை உறிஞ்சி எடுக்கும்போது வாயில் எச்சில் ஊறும், பசியால் அல்ல, வாந்திக்கு முன்னால் ஊறுமே அந்த எச்சில். பிறகு உப்புப் போட்டுப் புரதத்தைத் திரிய வைத்து, பையில் கட்டி உப்பை வெளியேற்றி, புரதங்களைப் பிரித்துவிடும் இரண்டு கண்ணாடித் தூண்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட வேண்டும். இரண்டாவது தூணில் இந்த என்சைம் மட்டும் கடிக்கிற தூண்டில் இருக்கும். அதில் எதுவும் சிக்கவில்லை. சிக்கியதாகத் தோன்றிய அன்றும் சிஜிஎம்பி கொடுத்தால் அசைவே இல்லை. எழுப்ப எழுப்பத் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மாவுக்கு முதல் நாளே மூக்கில் ஏறிவிட்டது. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சமையலறையிலிருந்து வந்துவிட்டாள்.

"என்னாடி இது, பொண நாத்தம் அடிச்சிக்கினு வர்றே?"

"பட்டுப்புழும்மா."

அம்மாவின் முகம் அப்படியே மாறிவிட்டது. சுளித்திருந்த மூக்கு நேரானது. "பட்டா? பட்டுக்கு ஏதுடி தீட்டு. கைய கழுவிக்கினு வந்து வெளக்கேத்து" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் அப்படித்தான். பட்டு என்றால் மடி. துவைக்காத பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு பூஜைக்குப் போகலாம், துவைத்த பருத்தியில் போனால்தான் யோசிப்பார்கள். எங்கள் தெருவில் பட்டு என்றால் பெங்களூரிலிருந்து சிப்பமாக வந்து இறங்கும் நூல். சாயம் போட்டு, பாவு ஓட்டி, தறியில் ஏற்றிப் புடவையாக இறக்கும்வரை அதைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது கிடையாது. சிப்பத்துக்கு முன்னால் அது எங்கே இருந்தது, என்னவாக இருந்தது என்று ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. அப்பா இன்றும் நெய்கிறார். புழு செத்தால்தான் நூல் என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்பார். ஆனால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வார்.

எனக்குக் கூடு கொடுத்தது நூல் வியாபாரம் செய்யும் என் தாய்மாமா. நல்ல கூடு வேண்டும் மாமா, முதல் தரமாக, என்று கேட்டிருந்தேன். சாக்கு நிறைய அனுப்பிவைத்தார். வெள்ளை வெளேரென்று, ஒரு கறை இல்லாமல், ஒரு ஓட்டை இல்லாமல் இருந்தன. அந்தச் சாக்கைப் பார்த்துப் பேராசிரியரே பாராட்டினார். வாசலில் நின்றபடிதான்.

ஆய்வுக்குழு கூடப்போகும் தேதி வந்ததும் அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். வழக்கமாகச் சொல்லமாட்டார். என் கஷ்டம் தனக்குப் புரிகிறது என்றும், ஆராய்ச்சியில் இதெல்லாம் சகஜம் என்றும், குழுவில் வருகிறவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள்தான் என்றும் பூசி மெழுகிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"பிரிட்ஜ்ல விலைக்கு வாங்கி வச்ச கைனேஸ் ஒண்ணு இருக்குது இல்லம்மா. அதுல ஒரு சொட்டு எடுத்து உன் டியூப்ல விட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

அது சோதனை முறை சரியாக வேலை செய்கிறதா என்று சரிபார்ப்பதற்காக வாங்கி வைத்த வேறொரு கைனேஸ். எத்தனையோ புழுக்களைக் கையால் நசுக்கியிருக்கிறேன். அன்று அந்த அறையில் வந்த அருவருப்பு எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. கழுவிய கை, கலையாத சட்டை, ஜவ்வாது வாசனை, மேசைமேல் சின்ன விபூதி மடல். இத்தனை சுத்தத்தையும் வைத்துக்கொண்டு அந்த மனிதரால் அதைச் சாதாரணமாகச் சொல்ல முடிந்தது. முடியாது சார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். குழாயடியில் போய் முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

முடியாது என்று சொல்லியாகிவிட்டது, ஆனால் கையில் என்ன இருக்கிறது? செத்த குழாய்கள். அன்று மாலை ஆய்வக அலமாரியைத் திறந்து, மிச்சமிருந்த கூடுகளை எல்லாம் வெட்டி ஒரு கடைசி முயற்சி செய்துவிடலாம் என்று மாமாவின் சாக்கை இழுத்தேன். ஒரு கூட்டை எடுத்துக் காதோரம் ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரை தெரியாது. உள்ளே காய்ந்த விதைபோல் கலகலவென்று சத்தம் கேட்டது. இன்னொன்று. அதுவும் கலகல. கையில் இருந்த கூட்டைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். இந்தச் சாக்கு இங்கே வந்து மாதக்கணக்காகிறது. இத்தனை நாளில் ஒரு பூச்சியாவது கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டாமா?

மாமாவுக்குப் போன் போட்டேன். எல்லாம் வெந்நீராவியில் வைத்து எடுத்த கூடுதான் என்றார், பெருமையாக. ஏன் மாமா சொல்லவில்லை என்றதற்கு அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"நீதான்மா முதல் தரம் கேட்டே. பூச்சி வெளிய வந்து ஓட்டை போட்டா அது எப்படி முதல் தரம் ஆவும்? புழுவ உள்ளயே சாவடிச்சாத்தான் கூடு கூடா இருக்கும்."

அவர்மேல் கோபப்பட வழியே இல்லை. பட்டுக்காரக் குடும்பத்துப் பெண், பட்டுக்கார மாமாவிடம் முதல் தரம் கேட்டாள், அவர் கொடுத்தார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தான். ஓட்டை விழாத கூடு நல்ல கூடு. அது ஏன் ஓட்டை விழாமல் இருக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, உயிர்வேதியியல் படித்த எனக்கு. வெந்த புரதம் விழிக்காது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். அரைக்கும்போது சாறு கறுக்காமல் வெளுப்பாகவே இருந்ததும் அதனால்தான். நான் என்னவோ மெர்கேப்டோஎத்தனாலின் புண்ணியம் என்று நினைத்து அந்த நாற்றத்தை மன்னித்துவந்தேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன்.

உயிரோடு இருக்கும் கூடு தேடி அலைந்ததில், தென்னேரிப் பக்கம் மல்பெரி போட்டுப் புழு வளர்க்கும் ஒரு விவசாயி கிடைத்தார். அவருக்கு என் தேவை விளங்கவே இல்லை. கூடு கட்டியதும் சீக்கிரம் வாங்கிக்கொண்டு போகச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். உயிரோடு வேண்டும் என்று கேட்டு யாரும் வந்ததில்லையாம். அவருடைய கொட்டகையில் மூங்கில் தட்டுகளில் புழுக்கள் இலை தின்றுகொண்டிருந்தன. மழை பெய்வதுபோல் ஒரு சத்தம். இலை எச்சமும் புழு எச்சமும் கலந்து காலடியில் ஈரமாக நசுங்கியது. துப்பட்டாவால் மூக்கை மூடினேன். மூடிய பிறகுதான் அந்தக் கைக்குட்டை நினைவுக்கு வந்தது. உடனே எடுத்துவிட்டேன்.

துணிப்பையில் கூடுகளை வாங்கிக்கொண்டு வாலாஜாபாத் வந்து பஸ் ஏறினேன். நாலைந்து கூடுகள் நான் நினைத்ததை விட முற்றியிருந்தன போலிருக்கிறது. வழியிலேயே பைக்குள் ஏதோ அசைந்தது. திறந்து பார்த்தால் ஈரமான, குண்டான, வெளிறிய ஒரு பட்டுப்பூச்சி இறக்கையை உதறிக்கொண்டு ஏறி வருகிறது. வந்த வேகத்தில் பக்கத்து இருக்கை அம்மாவின் புடவையில் பழுப்பு நிறத்தில் பீய்ச்சிவிட்டது. கூட்டை விட்டு வந்ததும் பூச்சி செய்கிற முதல் காரியம் அதுதான். அந்த அம்மா அலறவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதையெல்லாம் பஸ்ல எடுத்துக்கினு வருவியா?" என்று மட்டும் கேட்டு, வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார். இறங்கும்வரை என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

மறுநாள் காலை கூடுகளை வெட்டத் தொடங்கினேன். அதுவரை நான் வெட்டியது எல்லாம் காய்ந்த கொட்டைகள். இப்போது பிளேடு பட்டதும் உள்ளே நெளிந்தது. உள்ளங்கையில் எடுத்து வைத்தால் வயிற்றுப் பாகம் இப்படியும் அப்படியும் முறுக்கிக்கொண்டது. தேன் நிறத்தில், வழவழப்பாக, கண் தெரியாமல் என் விரலிடுக்கில் வழி தேடியது. எனக்கு முதுகு சிலிர்த்தது. தூங்கும் என்சைமை எழுப்ப வேண்டும், அதற்கு இந்தத் தூங்கும் புழுவைக் கொல்ல வேண்டும். வேறு வழி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பனிக்கட்டிமேல் போட்டு அரைத்தேன். என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. அரைத்த சாறு கண்ணெதிரே கறுக்கத் தொடங்கியது. வெட்டிய கத்தரிக்காய் கறுப்பதுபோல், ஆனால் அதைவிட வேகமாக. அவ்வளவு அசிங்கமான கறுப்பை அவ்வளவு சந்தோஷத்தோடு நான் பார்த்ததில்லை. உயிர் இருந்தால்தான் அந்தக் கறுப்பு. அவசர அவசரமாக மெர்கேப்டோஎத்தனாலை ஊற்றினேன்.

வடிகட்டி, சுழற்றி, உப்புப் போட்டு, தூண்களில் ஓட்டி, தூண்டிலில் சிக்கியதைச் சிஜிஎம்பி விட்டுக் கழற்றி, பிறகு அந்தச் சிஜிஎம்பியையும் வெளியேற்றி என்சைமைத் திரும்பத் தூங்கவைத்து எல்லாம் முடிந்தபோது, கடைசிக் குழாய்களில் தண்ணீர்போல் தெளிந்த திரவம் இருந்தது. சோதனை மின்மினிப் பூச்சியின் ஒளியை வைத்துச் செய்வது. மிச்சமிருக்கும் ஏடிபியின் அளவுக்கு ஒளி வரும். கைனேஸ் விழித்து ஏடிபியைச் செலவழித்தால் ஒளி மங்கும். சோதனைத் தட்டில் சிஜிஎம்பி இல்லாத குழியில் ஒளி பளிச்சென்று இருந்தது. சிஜிஎம்பி விட்ட குழியில் பாதிக்கு மேல் மங்கியது. தூங்கியது, எழுப்பியதும் விழித்தது. கருவியின் முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன், கையில் புழு வாடையோடு கண்ணைத் துடைத்ததில் கண்ணும் எரிந்தது.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். எண்களைப் பார்த்தார், தலையாட்டினார். ஒருநாள் வந்தது மறுநாள் வராமல் போவதை எத்தனையோ பேரிடம் பார்த்திருப்பதாகச் சொன்னார். என்சைமைப் பற்றி அது பொய்யும் அல்ல. குழாய்களில் பாதியைக் கூட்டத்துக்கென்று நடுத்தட்டில் ஸ்டாண்டில் வைத்தேன். மீதிப் பாதி வழக்கம்போல் டிபன் பாக்ஸுக்குள் போனது.

கூட்டத்தன்று காலை குளிர்பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது புழு வாடை அல்ல. ஜவ்வாது. பிரசாதம் எதுவும் உள்ளே இல்லை. நடுத்தட்டு ஸ்டாண்ட் நான் வைத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. விலைக்கு வாங்கிய கைனேஸ் குப்பியின் மூடி சரியாகத் திருகப்படாமல் சாய்ந்திருந்தது. ஆனால் வாசனையை ஆதாரமாக வைத்து யார்மேல் பழி போடுவது? குழுவினர் மாடிப்படி ஏறிவரும் சத்தம் கேட்டது. யோசிக்க நேரமில்லாமல் ஸ்டாண்டிலிருந்த குழாயையே எடுத்துக்கொண்டு போனேன்.

நாலு பேர். சென்னையிலிருந்து வந்திருந்த வெளித் தேர்வாளர், நரைத்த தலையோடு ஒரு அம்மையார், முன்வரிசையில் இருந்தார். மற்ற மூவரும் பேராசிரியரின் பழைய நண்பர்கள். அவர்கள் எதிரிலேயே சோதனையைச் செய்தேன். என்சைம் இல்லாத குழியில் ஒளி பளிச். சிஜிஎம்பி கொடுத்த குழியில் ஒளி மங்கல். நண்பர்கள் மூவரும் தலையாட்டினார்கள். சிஜிஎம்பி கொடுக்காத குழியின் எண்ணைப் பார்த்தேன். அதுவும் மங்கல்.

என் என்சைம் யாரும் எழுப்பாமல் விழிக்காது. விலைக்கு வாங்கியதற்குத்தான் தூக்கமே கிடையாது. அது சிஜிஎம்பிக்குக் காத்திருக்காத வேறு ஜாதி. எத்தனையோ வருடமாகக் குழாயைக் கையால் தொடாத மனிதருக்கு இந்த வித்தியாசம் மறந்துபோயிருக்கிறது. பேராசிரியர் உடனே எழுந்து, இயற்கையான என்சைமில் அடிப்படைச் செயல்பாடு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும் என்று அழகாக விளக்கினார். நண்பர்கள் அதற்கும் தலையாட்டினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். பதிவு பிழைத்துவிடும், பட்டம் வந்துவிடும்.

"மேடம், இது என் என்சைம் இல்ல" என்றேன். "எழுப்பாமலே வேலை செய்யுது. என்னோடது தூங்கும். இன்னொரு பாதி தனியா வச்சிருக்கேன், அத செஞ்சு காட்டறேன்."

பேராசிரியர், பிள்ளைக்கு டென்ஷன் என்று சிரித்தார். தேர்வாளர் சிரிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வருகிறோம், அதற்குள் செய்து வையுங்கள் என்று ஆரம்பித்தவர், பிறகு மனசு மாறி, வேண்டாம், நான் இங்கேயே உட்காருகிறேன் என்று நாற்காலியை மேசைக்கருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

டிபன் பாக்ஸை எடுத்துவரப் போனபோது பேராசிரியர் நடைக்கூடம் வரை பின்னாலேயே வந்தார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமல் தணிந்த குரலில் பேசினார்.

"உன் நல்லதுக்குத்தான்மா செஞ்சேன். நேத்து வந்தது இன்னிக்கு வரும்னு என்ன நிச்சயம்?"

நிச்சயம் இல்லை என்பது எனக்கும் தெரியும். டிபன் பாக்ஸை எடுத்துவந்து மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தேன். மூடி இறுகிப்போயிருந்தது, இழுத்த இழுப்பில் கையுறை கிழிந்து பஞ்சில் ஊறியிருந்ததெல்லாம் விரல்களில் வழிந்தது. நண்பர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்கள். ஒருவர் வெளியே போய்விட்டார். தேர்வாளர் முகத்தைச் சுளித்தார், ஆனால் நாற்காலியை நகர்த்தவில்லை. ஓ, மெர்கேப்டோ, என்று மட்டும் சொன்னார், ரொம்ப நாளைக்குப் பிறகு யாரையோ பார்த்ததுபோல்.

சோதனையைத் திரும்பச் செய்தேன். சிஜிஎம்பி இல்லாத குழியின் எண் வருவதற்குள் என் உயிர் போய்த் திரும்பியது. பளிச். சிஜிஎம்பி கொடுத்த குழி, மங்கல். தூங்கியது, விழித்தது. பேராசிரியர் நாற்றத்துக்குப் பயந்து திறக்காமல் விட்ட ஒரே காரணத்தால் அந்தக் குழாய்கள் பிழைத்திருந்தன.

தேர்வாளர் இரண்டு எண் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பேராசிரியரைப் பார்த்தார். கேட்டுவிடுவார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. இரண்டாவது தாளை மட்டும் எடுத்துக் கோப்பில் வைத்து, 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் தாள் மேசையிலேயே கிடந்தது. ஜன்னலருகே இருந்தவர்கள் வந்து கையெழுத்துப் போட்டபோது அதை யாரும் பார்க்காத மாதிரி நடந்துகொண்டார்கள். என் பதிவு பிழைத்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அறையில் எது நாறியது என்று எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் டிபன் பாக்ஸைக் காட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் ஊரில் எந்தக் கூட்டமும் சால்வை இல்லாமல் முடியாது, அதுவும் பட்டுச் சால்வை. பேராசிரியர் என் அப்பாவிடம் சொல்லி முன்கூட்டியே வாங்கிவைத்திருந்தார். விருந்தினர்களுக்குப் போர்த்தி முடிந்ததும் நண்பர்களில் ஒருவர், வெற்றிபெற்ற மாணவி தன் கையால் வழிகாட்டிக்குப் போர்த்தட்டும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கை கழுவியிருந்தேன், சோப்புப் போட்டு, எலுமிச்சை தேய்த்து. அந்த நாற்றம் அப்படியெல்லாம் போகாது என்று அந்த அறையில் என்னையும் தேர்வாளரையும் தவிர யாருக்கும் தெரியாது.

சால்வையைப் பிரித்தேன். அரக்குக் கரை வைத்த வெள்ளைப் பட்டு, ஒரு குறை சொல்ல முடியாது, முதல் தரம். பேராசிரியர் மலர்ந்த முகத்தோடு கழுத்தை நீட்டினார். தோளில் போட்டுக் கழுத்தோரம் மடிப்பை எடுத்துவிட்டேன். என் விரல்கள் அவர் முகவாய்க்குப் பக்கத்தில் வந்ததும் அவருடைய கண்கள் விரிந்தன. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கைக்குட்டைமேல் பட்டு மூடியிருந்தது, கைக்கு அகப்படவில்லை. எதிரே கேமராவைத் தூக்கியவர், அப்படியே நில்லுங்க சார், கொஞ்சம் சிரிங்க, என்றார். பேராசிரியர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கேமராக்காரர் இன்னொன்று எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் மடிப்பைச் சரிசெய்வதுபோல் கையை அங்கேயே வைத்திருந்தேன்.